கெர்னலுக்குள்ள ஷேர் ஆட்டோ

டிஸ்கி: இது முழுக்க ஆணி சமாச்சாரம். மொக்கை தேடி வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க.

தரமணி ஷேர் ஆட்டோவுல ஏறுற ஒவ்வொருத்தரும் ஒல்லிதான். மொத்தம் எத்தனை பேர்னு எண்ணத்தான் ஆள் கிடையாது. லினக்ஸ் கெர்னல் ஸ்டாக்கும் அப்படித்தான். (இங்க டைடல் பார்க்ல இருக்குற சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸுக்கு உள்ளயும் இதே கெர்னல்தான்.) 64-பிட் எக்ஸ்86-ல ஒரு த்ரெட்டுக்கு 16 கேபி. 2014-க்கு முன்னாடி 8 தான். பத்தலைன்னா வளராது. வழிஞ்சா மெஷினே படுத்துடலாம்.

அந்த இடத்துலதான் நம்ம ஈபிபிஎஃப் ப்ரோக்ராமும் ஓடுது. சப்-ஃபங்ஷன் எல்லாம் சேர்த்து 512 பைட்டைத் தாண்டினா வெரிஃபையர் உள்ளயே விடாது. எங்க டீம்ல இதைத் திட்டாத ஆள் இல்லை. நான் வெரிஃபையர் கட்சி.

ஆனா வெரிஃபையர் எண்ணுறது ஒரு ப்ரோக்ராமை மட்டும்தான். 2024-ல கெர்னல்ல சேர்ந்த ஷெட்-எக்ஸ்ட் வழியா ஷெட்யூலரையே ஈபிபிஎஃப்ல எழுதலாம். அதை அடுக்கடுக்கா வைக்கணும்னு ஒரு யோசனை: ஒவ்வொரு சிக்ரூப்புக்கும் ஒரு ப்ரோக்ராம், அப்பா பிள்ளையைக் கூப்பிடும், பிள்ளை பேரனைக் கூப்பிடும். தனித்தனியா எல்லாருமே பாஸ். உக்காரப்போறது மட்டும் அதே 16 கேபியில.

இதுக்குத்தான் 2025 ஜனவரியில வந்த 6.13 கெர்னல்ல பிரைவேட் ஸ்டாக் கொண்டுவந்தாங்க. ப்ரோக்ராமோட லோக்கல் வேரியபிள்கள் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியா ஒதுக்கின மெமரிக்குப் போயிடும். நல்ல வேலைதான், மறுக்கலை. ஆனா 'இனிமே ஸ்டாக் கவலையே இல்லை'ன்னு கிளம்புறவங்களோட எனக்கு ஒத்துவராது. லக்கேஜைத்தானே வேற வண்டியில ஏத்தினோம்? ஆளுங்க இன்னும் அதே ஆட்டோவுலதான். ரிட்டர்ன் அட்ரஸ், நடுவுல வர்ற கெர்னல் ஃபங்ஷன்களோட ஃப்ரேம் எல்லாம் பழைய ஸ்டாக்ல குவிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். சிக்ரூப் மரம் எவ்வளவு ஆழமா போகும்ங்கிறதை முடிவு பண்றது மெஷினை வச்சிருக்கிறவர்.

2020-ல 5.10 கெர்னல்ல டெயில் காலுக்குப் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சப்-ஃபங்ஷனுக்குள்ள இருந்து இன்னொரு ப்ரோக்ராமுக்குத் தாவணுமா? தாராளமா. ஆனா கூப்பிடுறவரோட ஸ்டாக் 256 பைட்டுக்குள்ள இருக்கணும். 32 தாவல், 256 பைட், எவ்வளவு மோசமாப் போனாலும் 8 கேபி. ஆழம், அகலம் ரெண்டுக்கும் கடிவாளம். அடுக்கு ஷெட்யூலருக்கும் இப்படி ஒரு ஆழ வரம்பு வேணும், அதுவும் ஏத்தும்போதே.

இன்னொண்ணு. பிரைவேட் ஸ்டாக் ஒரு சிபியுவுக்கு ஒண்ணுதான். அதே ப்ரோக்ராம் அதே சிபியுவுல தனக்குள்ளயே மறுபடி நுழைஞ்சா, கெர்னல் அதை ஓட்டாம சத்தமில்லாம தாண்டிடும். ட்ரேஸிங் போட்டு எண்ணிக்கை எடுக்கிறவங்க பிபிஎஃப்டூல்ல ரிகர்ஷன் மிஸ் எவ்வளவுன்னு ஒருவாட்டி பாருங்க. பூஜ்யம் இல்லைன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க.