எழுதியதற்கே எண்



பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதியிருக்கிறார். விலங்கியலில் பட்டம் பெற்ற அவருடைய மகள் ‘மெடிக்கல் கோடிங்’ பயில விரும்புகிறாள். பயிற்சி நிலையம் கேட்கும் கட்டணத்துக்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்பது தாயின் கேள்வி. தருமபுரி மாவட்டத்தில் வேறு பல இல்லங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கக்கூடும். ஆதலின் இங்கேயே விடை கூறுகிறோம்.

மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைத் தேர்ந்து எழுதுவதே இத்தொழில். 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் வகுத்த இறப்புக் காரணப் பட்டியலில் நோய்க் குறியீடு வேர்கொண்டது. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பேணி வருகிறது. சென்னை முதலிய நகரங்களின் நிறுவனங்கள் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இப்பணியைச் செய்கின்றன. அங்கே 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10-சி.எம். என்னும் தொகுப்பு வழக்கில் உள்ளது.

எண்களை மனப்பாடம் செய்வதால் பயன் சிறிதே. நோயாளிக் குறிப்புகளை வைத்துப் பழகுவதே நல்வழி. பயிற்சிக்காக நாமே அமைத்த மூன்றைக் காண்போம்.

முதலாவது: ஐம்பத்தைந்து வயது விவசாயி. ‘இரண்டாம் வகை நீரிழிவு, அதனால் வலது குதிகாலில் ஆறாப் புண், தோலளவில் உள்ளது’ என்பது குறிப்பு. புதியவர் இ11.9 என எழுதிவிடுவார். அது சிக்கல் ஏதுமற்ற நீரிழிவுக்குரிய எண். இங்கே பாதப்புண் இருப்பதால் இ11.621 முதலில் வரும். புண்ணின் இடத்தையும் ஆழத்தையும் காட்டும் எல்97.411 அடுத்து வரும். வரிசை மாறினாலும் பிழையே.

இரண்டாவது: வெளிநோயாளியாக வந்த மூதாட்டி. ‘காய்ச்சல், இருமல், நிமோனியாவாக இருக்கலாம்’ என்பது குறிப்பு. ‘இருக்கலாம்’ என்பதை வெளிநோயாளிக்கு நோயாகக் குறித்தல் ஆகாது. காய்ச்சலுக்கு ஆர்50.9, இருமலுக்கு ஆர்05.9, அவ்வளவே.

மூன்றாவது நம் மண்ணுக்குரியது. ‘புளோரைடினால் பற்களில் கறை; வலது முழங்காலில் வலி’ என்று ஓர் இளைஞருக்கு எழுதப்பட்டுள்ளது. பற்கறைக்குக் கே00.3, முழங்கால் வலிக்கு எம்25.561. இம்மாவட்டத்து நிலத்தடி நீரின் இயல்பை அறிந்தவர் கை, எலும்பைத் தாக்கும் புளோரோசிஸுக்குரிய எம்85.1 பிரிவை நாடும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஏன் வந்தது என்பது நமக்குத் தெரியாததா? எனினும் மருத்துவர் எழுதாததை ஊரறிவைக் கொண்டு நிரப்புவது குற்றம். ஐயம் எழுந்தால் மருத்துவரிடமே முறைப்படி விளக்கம் கேட்க வேண்டும்.

இத்தொழிலின் அறம் இதில்தான் அடங்கியுள்ளது. எண்ணைக் கொண்டே காப்பீட்டுப் பணம் கணக்கிடப்படுகிறது. குறைத்து எழுதினால் மருத்துவமனைக்கு நட்டம். இல்லாத நோயை ஏற்றி எழுதினால், நோயாளியின் ஏட்டில் அவர் அறியாமலே ஒரு பொய் தங்கிவிடும். மேலதிகாரி வற்புறுத்தினாலும் அதற்கு உடன்படுவது கூலிக்குப் பொய்ச்சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

இனித் தாய்க்கு நம் விடை. அம்மா, சங்கிலி இப்போதைக்குக் கழுத்திலேயே இருக்கட்டும். நோய்க் குறியீட்டுத் தொகுப்பை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆண்டுதோறும் அக்டோபரில் அது திருத்தப்படுவதால் நடப்பாண்டுப் பதிப்பையே பார்க்கவேண்டும். மகள் உடற்கூற்றியலை மீண்டும் படிக்கட்டும். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் வரைந்து, மருத்துவர் எழுதியது, தான் தேர்ந்த எண், தேர்ந்த காரணம் என நாள்தோறும் ஐந்து குறிப்புகளை எழுதிப் பழகட்டும். இரண்டு மாதம் இதில் சலிப்பின்றி நிலைத்தால், இத்தொழில் அவளுக்கு ஏற்றதே. சி.பி.சி. தேர்வில் நூறு வினாக்கள். நேரம் நான்கு மணி. எழுபது விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. குறியீட்டு நூல்களை உடன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அங்கே சோதிக்கப்படுவது நினைவாற்றல் அன்று, பழக்கமே.

பின்னர்ப் பயிற்சி நிலையத்துக்குச் சென்று, நாள்தோறும் எத்தனை குறிப்புகள் தருவார்கள், திருத்துபவர் யார், வேலை வாக்குறுதியை எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். எழுதித் தராத வாக்குறுதிக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். எழுதாததை எண்ணாகக் கொள்ளலாகாது என்பதுதானே உங்கள் மகள் கற்கப்போகும் முதற்பாடம்!