பெயரைப் பார்க்காதீர்கள், கொழுப்பைப் பாருங்கள்

விடிவதற்குள் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நாளெல்லாம் ஈரமண்ணில் நிற்கிறார்கள். மார்கழிக் காற்றும் சேர்ந்தால் குதிகாலில் பித்தவெடிப்பு வரத்தான் செய்யும். அதற்கு எதைத் தடவுவது என்று கேட்டால் இப்போது ஆலிவ், ஆர்கன் என்று விலை கூடிய பெயர்களே முதலில் வருகின்றன. தோலுக்குப் பெயர் தெரியாது. எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம்தான் அதற்குத் தெரியும். தோலின் மேலடுக்கில் செங்கல்லுக்கு நடுவே சாந்து போல ஒரு கொழுப்புப் பூச்சு உண்டு. லினோலிக் அமிலம் அந்தச் சாந்துக்கு ஊட்டம். ஒலியிக் அமிலம் மிகுந்தால் சாந்து இளகும். பெரியவர்களின் முன்கையில் தடவிப் பார்த்துப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: ஒலியிக் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைக் குலைத்து லேசாகச் சிவக்கவும் வைத்தது. லினோலிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயோ காப்பைக் குலைக்காமல் ஈரத்தையும் கூட்டியது. நம் நல்லெண்ணெயில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

பாட்டிமார் தேங்காயெண்ணெய்தானே தடவினார்கள் என்பீர்கள். அதுவும் நல்லதுதான். கரப்பான் கண்ட குழந்தைகளுக்கு மினரல் ஆயிலைவிட அது நன்றாகக் கேட்டது என 2014இல் பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் வெடிப்புக்குத் தடவினால் நிற்கிற கொழுப்பு வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிவரை கட்டியாக நிற்கும். உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால்தான் இளகும். அதிலுள்ள ஸ்டியரிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் தருகிற குணம் அது. ஒரு பங்கு கொக்கோ வெண்ணெய், இரண்டு பங்கு நல்லெண்ணெய், சிறிது தேன்மெழுகு. கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பு தயார். பாதி ஆறியதும் ஓரத்திலிருந்து வெளிறிக்கொண்டே வந்து நடுவில் இறுகும். சொட்டுத் தண்ணீரும் சேரக்கூடாது. நீர் கலந்த களிம்பில் கிருமி வளரும், வெடித்த காலுக்கு அது ஆபத்து. ரத்தம் கசிகிற வெடிப்புக்கும் சர்க்கரை நோயாளியின் காலுக்கும் மருத்துவர்தான்.

கடையில் வாஸ்லின் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், மறுக்கமாட்டேன். ஈரத்தை அடைத்து வைப்பதில் அதை வெல்வது கடினம். கையில் இருந்தால் அதையே தடவலாம். என் ஆதங்கம் வேறு. அந்தப் பெண்கள் மலையேறிப் போகும் இடுக்கி, கேரளத்தில் கொக்கோ மிகுதியாக விளையும் மாவட்டம். கொட்டையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. ஆனால் காய்ந்த கொட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிறது. வெண்ணெயைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. அதை வீட்டு உரலில் பிழிய முடியாது, அழுத்தும் இயந்திரம் வேண்டும். பெண்கள் குழுக்களுக்குக் கடன் தருகிறவர்கள் மாவு மில்லுக்குத் தருவதுபோல் இதற்கும் ஒரு முறை தந்து பார்க்கட்டும்.