ஒரு கருவறை, இரண்டு தொட்டில்

1995 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகர மருத்துவமனை ஒன்றில் எடுக்கப்பட்ட படம் அது. ஒரே இன்குபேட்டருக்குள் இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகள். ஒருத்தியின் கை மற்றவளை அணைத்தபடி கிடக்கிறது. உள்ளூர் நாளிதழின் புகைப்படக்காரர் கிறிஸ் கிறிஸ்டோ எடுத்தது. பிறகு லைஃப், ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ்களில் வந்து, மின்னஞ்சல்களில் உலகம் சுற்றியது. இன்றும் கைபேசிகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

படத்துக்குப் பின்னால் இருப்பது உண்மையான நெருக்கடி. இருவரும் 12 வாரம் முன்னதாகவே பிறந்தவர்கள். நோய்த்தொற்று பரவக்கூடாது என்று அன்றைய வழக்கப்படி தனித்தனி இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். ஒருத்தி தேறிவந்தாள். சின்னவளுக்கோ ஒருநாள் மூச்சுத் திணறியது, இதயம் படபடத்தது, உடல் நிறம் மாறியது. சளியை உறிஞ்சி எடுத்தார்கள், பிராணவாயுவைக் கூட்டினார்கள், அப்பாவின் மார்பில் கிடத்தினார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் செவிலியர் ஒருவர், பெற்றோரின் சம்மதத்தோடு, அவளை அக்காளுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். மானிட்டரில் எண்கள் நிமிடங்களில் சீராகத் தொடங்கின.

அந்தச் செவிலியர் செய்தது துணிச்சலான காரியம். குழந்தை பிழைத்தாள். ஆனால், ஒருநாள் ஒரு குழந்தைக்கு நடந்தது எல்லா இரட்டையருக்கும் விதியாகிவிடுமா? அந்தப் படத்தைப் பார்த்து நெகிழும் பெற்றோர் வீட்டுத் தொட்டிலிலும் இருவரையும் சேர்த்தே கிடத்த நினைக்கலாம். அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியமாகிறது.

இரட்டையருக்குள் நெருக்கம் உண்டா என்றால், உண்டு. அதுவும் பிறப்பதற்கு முன்பே. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உம்பெர்த்தோ காஸ்தியெல்லோவின் குழு, ஐந்து ஜோடி இரட்டையரைக் கருவின் 14-வது, 18-வது வாரங்களில் ஸ்கேனில் கவனித்து, 2010-ல் ஆய்வை வெளியிட்டது. கை தற்செயலாகப் பட்டுக்கொள்வதாக இருந்தால் அசைவுகள் ஒழுங்கில்லாமல் இருந்திருக்கும். அப்படி இல்லை. உடன்பிறப்பை நோக்கிப் போகும் கை நிதானமாகப் போனது. அதே நாட்டின் உளவியல் ஆய்வாளர் அலெஸாந்த்ரா பியொந்தெல்லி 1992-ல் எழுதிய நூலில் ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறார். கருப்பையில் இடையிலிருந்த மெல்லிய சவ்வின் வழியே ஒருவரையொருவர் தடவிக்கொண்டிருந்தவர்கள், ஒரு வயதில் திரைச்சீலைக்கு இருபுறமும் நின்று அதே விளையாட்டை விளையாடினார்கள்.

இப்படி இருந்தவர்களை வெளியே வந்த மறுகணம் பிரித்து வைப்பதா என்று பெற்ற மனம் கேட்கத்தான் செய்யும். நம் வீடுகளில் பாட்டிமார் சொல்வதும் இதைத்தான்: “பிரிச்சுப் போடாதே, ஏங்கிடும்.”

ஆய்வாளர்களும் இதைச் சும்மா விடவில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் மார்ஷா கேம்பெல்-யோ தலைமையில் 67 ஜோடி குறைமாத இரட்டையரிடம் ஆய்வு நடந்தது. ரத்தப் பரிசோதனைக்காகக் குதிகாலில் ஊசி குத்தும்போது, சேர்ந்து படுத்த குழந்தைக்கு வலி குறைகிறதா என்று பார்த்தார்கள். வலியின் அளவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த அதிர்ச்சியிலிருந்து உடல் பழைய நிலைக்குத் திரும்ப, தனியே படுத்த குழந்தைக்குச் சுமார் 142 நொடி ஆனது. சேர்ந்து படுத்த குழந்தைக்குச் சுமார் 76 நொடிதான். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹெலன் பால், ஒன்றாகப் படுக்கும் இரட்டையரின் தூக்கமும் விழிப்பும் ஒத்துப்போவதைக் கண்டார். ஆக, அணைப்பில் பலன் இருக்கிறது. ஆனாலும் இத்தகைய சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, சேர்த்துப் படுக்கவைப்பதை எல்லோருக்கும் பரிந்துரைக்க இந்தச் சான்றுகள் போதாது என்றே சொன்னது.

பலன் சிறிது, மறுபக்கம் இருக்கும் ஆபத்தோ உயிர் சம்பந்தப்பட்டது. தூக்கத்திலேயே நேரும் திடீர்ச் சிசு மரணத்துக்கு, குறைமாதமும் எடைக்குறைவும் முக்கியமான ஆபத்துக் காரணிகள். இரட்டையரில் பலர் இந்த இரண்டோடும்தான் பிறக்கிறார்கள். அருகில் இன்னோர் உடல் இருந்தால் சூடு ஏறலாம். ஒருவர் கை இன்னொருவர் மூக்கை மறைக்கலாம். ஒருவர் கனமாகவும் மற்றவர் நோஞ்சானாகவும் இருந்தால் இன்னும் மோசம். மருத்துவமனையிலோ வேறு கவலை: இவளுக்கான மருந்தோ குழாயோ அவளுக்குப் போய்விடக்கூடாது. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் மருத்துவமனையிலும் வீட்டிலும் தனித்தனிப் படுக்கையே நல்லது என்றது. பிரிட்டனில் உள்ள லல்லபை டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு சற்று இளகி, குழந்தைகள் மிகச் சிறியவர்களாக இருக்கும்வரை பெரிய தொட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தலாம், நடுவில் தலையணையோ சுருட்டிய துணியோ வைக்கக் கூடாது, யாராவது ஒருவர் புரளத் தொடங்கினால் உடனே பிரித்துவிட வேண்டும் என்கிறது. சிறு கூடைத் தொட்டிலில் இருவரையும் சேர்த்துப் போடவே கூடாது என்பதில் அது கண்டிப்பாக இருக்கிறது.

வீட்டில் மானிட்டர் இல்லை, இரவுச் செவிலியர் இல்லை. பாலூட்டி அலுத்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடும் ஒரு தாய்தான் இருக்கிறாள். அவளுக்கு அமெரிக்கச் சங்கத்தின் கண்டிப்பே பாதுகாப்பு. ஒரே அறை, தனித்தனிப் படுக்கை, இருவரும் மல்லாந்து.

அப்படியென்றால் நெருக்கம்? அதற்கு வேறு வழி இருக்கிறது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தவேண்டிய நெருக்கடியில் தொற்று பரவியபோது, மருத்துவர் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். இன்று கங்காரு பராமரிப்பு என்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித்தருவது அதுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. எடை குறைந்த குழந்தைகளுக்கு இதைப் பிறந்த உடனேயே தொடங்கியபோது முதல் 28 நாள் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. இரட்டையர் இருவரையும் ஒரே மார்பில் ஏந்தலாம். மூவர் என்றால் அப்பாவும் பாட்டியும் கைகொடுக்கலாம். இரண்டே விதிகள்: ஏந்தியிருப்பவர் விழித்திருக்க வேண்டும், குழந்தைகளின் மூக்கும் வாயும் மூடாமல் தெரிய வேண்டும்.

ஆகவே, இரட்டைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தனித்தனியாகப் படுத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துத் தாயைக் குறைசொல்லாதீர்கள். இரண்டையும் ஒரே தூளியில் போட்டு ஆட்டச் சொல்லாதீர்கள். துணி சரிந்து ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒரு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தாயை ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.