கூகுளில் நட்சத்திரம் காணாமல் போச்சா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

கூகுளில் 'அதிரசம் செய்வது எப்படி' என்று தேடிப் பாருங்கள். சில முடிவுகள் வெறும் தலைப்போடு நிற்கும். சிலவற்றின் பக்கத்தில் மட்டும் அதிரசத்தின் படம், செய்ய ஆகும் நேரம், மஞ்சள் நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கும். விரல் எதைத் தொடும் என்று சொல்லவே வேண்டாம்.

அந்த அலங்காரம் ஒருநாள் திடீரென்று மறைந்துவிட்டால்? கோபாலபுரத்தில் ஒரு மாடி வீட்டில் பலகாரம் செய்து, சொந்த வெப்சைட்டில் விற்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்தான். நேற்றுவரை விலையும் நட்சத்திரமுமாகத் தெரிந்த கைமுறுக்கு, இன்று வெறும் தலைப்பாக நிற்கிறது. ஆர்டர் குறைகிறது. இந்த நேரம் பார்த்து, "உங்க சைட்டை கூகுள் ஒதுக்கி வெச்சிருச்சு மேடம், பணம் கட்டினா சரி பண்ணித் தர்றோம்" என்று ஒரு போன் வந்தால், யாருக்குமே கை பர்ஸைத் தேடும்.

கொஞ்சம் பொறுங்கள். இதற்கான காரணங்களில் பலவற்றை வீட்டில் உட்கார்ந்தே, பைசா செலவில்லாமல் கண்டுபிடித்துவிடலாம்.

அலங்காரம் எங்கிருந்து வருகிறது?

சமையலறை அலமாரியில் ஒரே மாதிரி பத்து டப்பாக்கள் இருக்கின்றன. எதில் துவரம் பருப்பு, எதில் கடலைப் பருப்பு என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். புதிதாக உதவிக்கு வருபவருக்குத் தெரியாது. டப்பாவில் சீட்டு ஒட்டிவிட்டால் அவருக்கும் சிரமமில்லை.

வெப்சைட்டிலும் இப்படிச் சீட்டு ஒட்டுவதைத்தான் 'ஸ்ட்ரக்சர்டு டேட்டா' என்கிறார்கள். 'இது பொருளின் பெயர், இது விலை, இது வாடிக்கையாளர் தந்த மதிப்பெண்' என்று பக்கத்தின் பின்னணியில், கூகுளுக்குப் புரியும் வடிவத்தில் எழுதிவைப்பது. இந்தத் தகவலை வைத்துக்கொண்டு தேடல் முடிவைப் படம், விலை, நட்சத்திரம் என்று அழகாகக் காட்டுவதை கூகுள் 2009 மே மாதம் தொடங்கியது. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து எல்லோருக்கும் பொதுவான சீட்டு முறையாக 'ஸ்கீமா டாட் ஆர்க்' என்பதைக் கொண்டுவந்தன. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் ஆர்.வி.குஹா. சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர்!

முதலில் தெரிய வேண்டியது

காணாமல் போனது அலங்காரம் மட்டுமா, பக்கமே போய்விட்டதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இதற்கு 'கூகுள் சர்ச் கன்சோல்' என்ற இலவச சேவை இருக்கிறது. போனில் பிரவுசர் வழியாகவே திறக்கலாம். சைட் உங்களுடையதுதான் என்பதை ஒருமுறை உறுதிசெய்தால் போதும். அதில் 'யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்' பகுதியில் உங்கள் பக்கத்தின் முகவரியை ஒட்டுங்கள். பக்கம் கூகுளின் பட்டியலில் இல்லை என்று வந்தால், நட்சத்திரத்தைப் பற்றிய கவலை அப்புறம். சைட்டைப் புதுப்பிக்கும்போது 'தேடலில் காட்டாதே' என்ற அமைப்பைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

பக்கம் இருக்கிறது, அலங்காரம்தான் இல்லை என்றால், 'பெர்ஃபாமன்ஸ்' அறிக்கையில் 'சர்ச் அப்பியரன்ஸ்' என்பதைத் தொடுங்கள். எந்த வகை அலங்காரம், எந்தத் தேதியிலிருந்து குறைந்தது என்று தெரியும். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் சைட்டில் என்ன மாற்றினீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. ஒன்றுமே மாற்றவில்லை என்றால், மாறியது கூகுளாக இருக்கலாம்.

கூகுளே நிறுத்தியவை

சில அலங்காரங்களை கூகுளே விலக்கிக்கொண்டது. 2019 செப்டம்பரில், ஒரு கடை தன்னுடைய சைட்டிலேயே தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நட்சத்திரங்களைக் காட்டுவதை நிறுத்தியது. கடையின் பெயருக்கு அடியில் நட்சத்திரம் வராது. ஆனால், கடை விற்கும் பொருளுக்கோ, சமையல் குறிப்புக்கோ வரலாம். கூகுள் மேப்பில் தெரியும் நட்சத்திரம் வேறு கணக்கு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி-பதில் வரிகள் விரியும் பட்டியலை, நன்கு அறியப்பட்ட அரசு மற்றும் மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று 2023 ஆகஸ்டில் குறுக்கியது. 'எப்படிச் செய்வது' என்று படிப்படியாகக் காட்டும் பட்டியலை அடுத்த மாதமே முழுவதும் எடுத்துவிட்டது. 2025 ஜூனிலும், அதிகம் பயன்படாத சில வகைகளை நிறுத்துவதாக அறிவித்தது.

உங்களுடையது இந்த ரகம் என்றால் சரிசெய்ய எதுவுமே இல்லை. 'திரும்பக் கொண்டுவந்து தருகிறேன்' என்று சொல்பவருக்குக் கொடுக்கும் பணம் வீண்.

சீட்டு கிழிந்திருந்தால்

நிறுத்தப்பட்ட வகை இல்லையென்றால், உங்கள் சீட்டையே பார்க்க வேண்டும். 'ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்' என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எந்தச் சீட்டு படிக்க முடிகிறது, எதில் பிழை என்று சொல்லிவிடும். பிழை என்றால் அலங்காரம் வராது. வெறும் எச்சரிக்கை என்றால் வரும், ஆனால் சில விவரங்கள் குறையலாம்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

* சைட்டின் 'தீம்' மாற்றம். பழைய தீம் ஒட்டிவைத்த சீட்டுகள் அதோடு சேர்ந்து போய்விடும். பக்கம் பார்க்க அழகாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

* ஒரே வேலைக்கு இரண்டு 'பிளகின்'. ஒன்று முறுக்கின் விலை 220 என்கும், இன்னொன்று 240 என்கும். கூகுள் எதைத்தான் நம்பும்?

* விலையை எழுதும் விதம். விலைக்கான இடத்தில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். 'ரூ.' என்பதையும் சேர்த்து எழுதக் கூடாது. எந்த நாட்டுப் பணம் என்பதற்குத் தனி இடம் இருக்கிறது.

* காலாவதியான தேதி. இதுதான் சத்தமில்லாமல் கழுத்தறுப்பது. ஆடித் தள்ளுபடிக்காக 'இந்த விலை இன்ன தேதி வரை' என்று போட்டிருப்பீர்கள். தள்ளுபடி முடிந்து விலையை மாற்றினாலும், பின்னணியில் அந்தத் தேதி அப்படியே கிடக்கும். தேதி கடந்துவிட்டால் கூகுள் விலை அலங்காரத்தைக் காட்டாமல் விடலாம். தீபாவளி நேரத்தில் காரணம் புரியாமல் விழிப்போம்.

* சமையல் குறிப்பில் படம். குறிப்பின் பெயரும் படமும் கட்டாயம். படத்தை இடம் மாற்றியதால் பழைய முகவரி வேலை செய்யாமல் போனால், சீட்டு இருந்தும் பயனில்லை.

பொய்ச் சீட்டு ஒட்டினால்

டப்பாவில் இருப்பது கடலை எண்ணெய், சீட்டில் நல்லெண்ணெய் என்றால்? பக்கத்தில் ஒரு விமர்சனம்கூட இல்லாமல் பின்னணியில் மட்டும் 'ஐந்து நட்சத்திரம், 400 பேர்' என்று எழுதுவது அப்படிப்பட்ட வேலை. பக்கத்தைப் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாத எதையும் சீட்டில் எழுதக் கூடாது என்பது விதி.

மாட்டிக்கொண்டால், சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் நோட்டீஸ் வரும். இந்த நடவடிக்கையால் அலங்காரம்தான் போகும், தேடலில் பக்கத்தின் இடம் கீழே இறங்காது. பொய்யை நீக்கிவிட்டு, என்ன சரிசெய்தீர்கள் என்று நேர்மையாக எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். பதில் வர சில நாட்களோ, வாரங்களோ ஆகும். உங்களுக்குத் தெரியாமல் சைட் செய்து கொடுத்தவர் ஒட்டியிருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். அதனால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முகவரியிலும் கவனம்

கடையின் விவரச் சீட்டில் சென்னைக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. ஒரே தெருவை ஒருவர் லாயிட்ஸ் ரோடு என்பார், இன்னொருவர் அவ்வை சண்முகம் சாலை என்பார். போதாததற்குக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. தபால்காரர் சமாளித்துவிடுவார். சைட்டில் ஒன்று, கூகுள் மேப்பில் வேறொன்று என்று இருந்தால் மெஷினுக்கு இது ஒரு கடையா, இரண்டு கடையா என்ற சந்தேகம் வரலாம். தெருப் பெயர், கதவு எண், 600086 என்ற பின்கோடு, போன் நம்பர் எல்லாவற்றையும் எங்கும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் வரவில்லையே?

பிழையைத் திருத்தியதும் சர்ச் கன்சோலில் 'வேலிடேட் ஃபிக்ஸ்' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். கூகுள் மறுபடி வந்து பார்த்து முடிக்க இரண்டு வாரம்வரை ஆகலாம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தால் வேகம் கூடாது. ஆகவே பண்டிகை வியாபாரம் செய்பவர்கள் இந்தச் சோதனையை ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். புதுத் தீம் போடும் ஆசையைப் பண்டிகை முடியும்வரை தள்ளிப்போடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

சீட்டு சுத்தமாக இருந்தாலும், அலங்காரம் கட்டாயம் வரும் என்று கூகுள் யாருக்கும் வாக்குறுதி தருவதில்லை. எந்தத் தேடலுக்கு, எந்தப் போனில், எதைக் காட்டலாம் என்பது அதன் முடிவு. விளம்பரத்துக்குத்தான் கூகுள் காசு வாங்கும். சாதாரணத் தேடல் முடிவில் நட்சத்திரத்தைக் காசுக்கு விற்பதில்லை. ஆக, 'நூறு சதவிகித கியாரண்டி' என்று போனில் சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்ல என்ன பிழை காட்டுது?" பதில் சொல்லத் தெரியாதவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே தெரிந்தவரின் உதவி தேவைப்பட்டாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். சர்ச் கன்சோலில் 'யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்' பகுதிக்குப் போய், அவருடைய மெயில் ஐடியை 'ரெஸ்ட்ரிக்டட்' பயனராகச் சேருங்கள். அறிக்கைகளை அவர் பார்க்கலாம், அமைப்புகளை மாற்ற முடியாது. வேலை முடிந்த அன்றே பெயரை நீக்கிவிடுங்கள்.