பட்டா ஒருவர் பெயரில், நெல் இன்னொருவர் களத்தில்

பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரே இடத்தில் சேர்ப்பதை 'டேட்டா இன்டக்ரேஷன்' என்கிறார்கள். இது பெரிய கம்பெனிகளின் விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தஞ்சாவூர் பக்கம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்திடம் நெல் விற்க சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். இந்தப் பதிவுகள் கம்ப்யூட்டரிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் ஜெராக்ஸ் கடை அலைச்சல் மிச்சம். அடுத்தவர் சிட்டாவை வைத்து வியாபாரி நெல் போடுவதும் அவ்வளவு சுலபமாக இராது. இதுவரை எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் இரண்டு பட்டியல்களை இணைக்க, இரண்டிலும் பொதுவான ஒரு தகவல் வேண்டும். அதைத்தான் 'கீ' என்கிறோம். எக்ஸெலில் ஒரு ஷீட்டில் 'கோ. முருகேசன்' என்றும் இன்னொன்றில் 'முருகேசன் கோ' என்றும் அடித்து, வீலுக்அப் கொடுத்துப் பாருங்கள். நமக்கு ஒரே ஆள், எக்ஸெலுக்கு இரண்டு பேர்! அதனால்தான் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடிக்கிறார்கள். நிலத்துக்கு சர்வே எண்ணும் உட்பிரிவும் இருக்கின்றன. நல்ல கீதான். ஆனால் சிட்டாவில் அந்த எண்ணுக்கு எதிரே இருப்பது பட்டாதாரர் பெயர்.

டெல்டாவில் கோயில் நிலங்களும் மடத்து நிலங்களும் ஏராளம். பட்டா கோயில் பெயரில் இருக்கும். நாற்று விட்டு, மேட்டூர் தண்ணீருக்குக் காத்திருந்து, அறுவடை மெஷினுக்கு வாடகை கொடுத்தவர் குத்தகைதாரராக இருப்பார். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகைகள் இன்றும் உண்டு. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் சொந்தமாக உள்ள குடும்பத்துக்கு மட்டுமே. அது அந்தத் திட்டத்தின் விதி, சாஃப்ட்வேர் கோளாறு அல்ல. ஆனால் எல்லாத் திட்டங்களையும் அதே உரிமைப் பதிவில் கொண்டுபோய்க் கட்டினால், யாரும் உத்தரவு போடாமலே அந்த விதி கொள்முதலுக்கும் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் பரவிவிடும்.

2025-ல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவு தொடங்கியது. இந்தச் சமயத்தில் என் யோசனை இதுதான்: சிட்டாவை அல்ல, அடங்கலை நடுவில் வையுங்கள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வரும் கணக்கு அது. குறுவைக்கு ஒருவர், சம்பாவுக்கு வேறொருவர் என்று ஆள் மாறலாம். எனவே சர்வே எண், பருவம், சாகுபடி செய்பவர் மூன்றும் சேர்ந்ததுதான் கீயாக இருக்க வேண்டும். உரிமையாளர் பெயர் பக்கத்தில் இன்னொரு ஃபீல்டாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சொந்த ஊரில் உங்களுக்கு நிலம் இருந்தால், அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா விவரத்தை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். பார்த்து முடித்ததும், இந்தப் போகம் அதை உழுபவர் பெயர் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.