ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குப் பூட்டு?

திண்டுக்கல்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டு. ஒண்ணு பிரியாணி, இன்னொண்ணு பூட்டு. 2019ல் எங்க ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப, நாகல் நகர்ல இருக்கிற நாங்களும் ஏதோ எங்க கையாலேயே செஞ்ச மாதிரி பெருமைப்பட்டுக்கிட்டோம் :) இந்தப் பதிவும் பூட்டைப் பத்தித்தான். கல்குவாரியிலும் திறந்தவெளிச் சுரங்கத்திலும் பாறையில துளை போடற டிரில் மெஷினுக்குப் போட வேண்டிய பூட்டு.

குவாரி விபத்துன்னா செய்தியில வர்றது பாறைச் சரிவும் வெடி விபத்தும்தான். 2022 மே மாசம் நெல்லை அடைமிதிப்பான்குளம், 2024 மே மாசம் காரியாபட்டி பக்கம் ஆவியூர், 2025 மே மாசம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை. மூணுமே தலைப்புச் செய்தி. மெஷினை ரிப்பேர் பண்ணும்போது ஒருத்தருக்குக் கை போனா அது செய்தியே ஆகறதில்லை. ஆனா பாறை எப்ப சரியும்னு கணிக்கறதைவிட இதைத் தடுக்கறது எவ்வளவோ சுலபம்.

"மெதுவாத்தானே சுத்துது"ங்கறதுதான் முதல் ஏமாற்று. டிரில் ராடு வேகமா சுத்தறதில்லை, வாஸ்தவம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள ராடு விநாடிக்கு ஒரு சுத்து சுத்தினா, விநாடிக்கு முப்பத்தோரு சென்டிமீட்டர் துணியைச் சுருட்டி இழுக்கும். அதாவது ஒரு அடி. தோள்ல கிடக்கிற துண்டு மாட்டிக்கிட்டா, "நிறுத்து"ன்னு கத்தி முடிக்கறதுக்குள்ள ஆளே ராடுகிட்ட போயிடுவார். பாறையையே குடையற மெஷினுக்கு மனுஷன் கை ஒரு தடையே கிடையாது.

அடுத்த ஏமாற்று, "எஞ்சினை ஆஃப் பண்ணியாச்சு". எஞ்சின் நின்னாலும் கம்ப்ரசர் டேங்க்லயும் ஹோஸ்லயும் காத்து அடைஞ்சே இருக்கும். கார் டயர்ல சுமார் 30 பிஎஸ்ஐ. சாதாரண ஜாக்ஹேமர் கம்ப்ரசர்லயே சுமார் 100. அதை வெளியேத்தாம ஹோஸைக் கழட்டினா பாம்பு மாதிரி சுழட்டி அடிக்கும். பெரிய மெஷின்ல ஹைட்ராலிக் எண்ணெயும் அப்படித்தான், அழுத்தத்தோட காத்துக்கிட்டிருக்கும். மேல தூக்கி நிறுத்தின கம்பமும் அதுல தொங்கற சுழலும் தலையும் இறங்கறதுக்குக் கரண்டோ டீசலோ வேண்டியதில்லை, புவியீர்ப்பே போதும்.

இதெல்லாத்தையும்விட ஆபத்து இன்னொரு மனுஷன். கீழே ஒருத்தர் பிட் மாத்திக்கிட்டிருக்கார். அது தெரியாம மேல ஒருத்தர் சாவியைத் திருப்பறார். ரெண்டு பேருமே நல்லவங்கதான், ரெண்டு பேருமே அனுபவசாலிங்கதான்.

பூட்டு வேண்டியது இங்கதான். ரிப்பேர் பண்றவர் பேட்டரி சுவிட்சை ஆஃப்ல வச்சு, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்லயே வச்சுக்கணும். நாலு பேர் வேலை செஞ்சா, பல ஓட்டை உள்ள ஒரு கொக்கியில நாலு பூட்டு. கடைசி ஆள் பூட்டை எடுக்கற வரைக்கும் மெஷின் கிளம்பக் கூடாது. எங்க சாஃப்ட்வேர்ல டேட்டாபேஸுக்கே இதைத்தான் செய்யறோம். ஒரு ப்ரோக்ராம் பூட்டின ரெக்கார்டை அது விடற வரைக்கும் இன்னொண்ணு மாத்த முடியாது. ஒரு வரி டேட்டாவுக்குக் குடுக்கிற மரியாதையை ஒரு ஆளோட கைக்குக் குடுக்கக் கூடாதா?

பூட்டினதும் காத்தை வெளியேத்தணும், கம்பத்தை இறக்கணும் இல்லைன்னா முட்டுக் கொடுக்கணும், அப்புறம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து, கிளம்பலைன்னு உறுதி பண்ணிக்கணும். அமெரிக்காவுல 1989லயே தொழிற்சாலைகளுக்கு இந்தப் பூட்டு முறையைக் கட்டாயமாக்கிட்டாங்க. அங்க திறந்தவெளிச் சுரங்கங்களுக்கும் தனி விதி இருக்கு: பவரை நிறுத்தி, அசையாதபடி முட்டுக் கொடுத்த பிறகுதான் ரிப்பேர். நம்ம ஊர்ல 1952ல் வந்த சுரங்கச் சட்டமே கல்குவாரியையும் சுரங்கமாத்தான் பார்த்துச்சு. தன்பாத்தைத் தலைமையிடமா வச்சு சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமும் இருக்கு. ஆனா அதிகாரி வந்து போற அன்னைக்கு மட்டும் ஒழுங்கா இருந்தா போதாதே.

"எஞ்சின் ஓடினாத்தானே எங்க ஒழுகுதுன்னு தெரியும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பார்க்கறதுக்கு ஓடலாம், ஆனா பார்க்கறவர் தள்ளி நிக்கணும், கன்ட்ரோல்ல இருக்கறவர் கண்ணுக்கு அவர் தெரியணும். கை வைக்கணும்னா நிறுத்திப் பூட்டிட்டுத்தான்.

"ரெண்டு நிமிஷ வேலை, மெஷின் நின்னா நஷ்டம்" - இதுதான் நிஜக் காரணம். அந்த நஷ்டத்தை மெக்கானிக் தலையில கட்டாம, பூட்டறதுக்கு ஆகற நேரத்தையும் வேலை நேரமாவே கணக்குல எடுக்க வேண்டியது முதலாளிதான். அதுக்கப்புறம்தான் தொழிலாளியோட "அலட்சியம்" பத்தி அவர் பேசலாம்.

திண்டுக்கல் பூட்டுல ஒரு பூட்டோட சாவி இன்னொண்ணுக்குச் சேராதுன்னு பெருமையாச் சொல்லுவோம். இந்த வேலைக்குத் தேவையே அதுதான். நம்ம பட்டறைக்காரங்க சிவப்புப் பெயின்ட் அடிச்சு, ஆள் பேர் எழுத இடம் விட்டு, குவாரிக்குன்னே ஒரு பூட்டு செஞ்சா என்ன? நலிஞ்சுக்கிட்டு வர்ற தொழிலுக்கும் ஒரு புது ஆர்டர் கிடைக்கும். குவாரி வச்சிருக்கிறவங்களோ ரிக் ஓட்டறவங்களோ இதைப் படிச்சீங்கன்னா, உங்க இடத்துல ரிப்பேர் நடக்கும்போது சாவி யார் பாக்கெட்ல இருக்குன்னு நாளைக்கே பாருங்க.