பூட்டில்லாத கம்ப்யூட்டர்: பெற்றோர் பயப்பட வேண்டுமா?

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் தாய், மூட்டை தூக்கும் தந்தை, ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவர் என்று கேரளத்தில் வாழும் தமிழர் வீடுகளில் ஒரு கவலை உண்டு. "பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆபீஸ்களில் இருப்பதோ விண்டோஸ். நாளைக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்பதுதான் அது. இந்தக் கவலையைக் காசாக்கும் தனியார் பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது.

கவலை நியாயமானதுதான். ஆனால் விஷயத்தை முழுமையாகத் தெரிந்துகொண்டு கவலைப்படுவது நல்லது.

சைக்கிள் ஒன்று வாங்கினால் எந்தக் கடையிலும் பிரித்துப் பார்க்கலாம், பழுது நீக்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். கம்பெனிகள் விற்கும் பெரும்பாலான மென்பொருள்களில் இது நடக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தால் குற்றம். இது சரியல்ல என்று அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததே இன்று பள்ளிகளில் ஓடும் கட்டற்ற மென்பொருள். யாரும் பயன்படுத்தலாம், திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் பாடம் ஒரே கம்பெனியின் மென்பொருளைச் சுற்றியே இருந்தது. ஆசிரியர்களே எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அரசுப் பள்ளிப் பிள்ளையை ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளராகத் தயார் செய்வதா என்று கேட்டார்கள். பிறகுதான் மாற்றம் வந்தது. 2017 முதல் 'கைட்' என்ற அரசு நிறுவனம் இந்தப் பணியைச் செய்கிறது. இதனால் ரூ.3,000 கோடி மிச்சம் என்று 2019-இல் அது சொன்னது. கடை விலைப்படி போட்ட கணக்கு போலத் தெரிகிறது. பேரம் பேசியிருந்தால் குறைந்திருக்கும். ஆனாலும் பெரிய தொகைதான்.

சரி, வேலை? எழுத்து வேலை, கணக்குத் தாள், படம் வரைதல் ஆகியவற்றை லிப்ரே ஆபீசிலும் கிம்ப்பிலும் பழகிய பிள்ளை, விண்டோஸ் முன்னால் உட்கார்ந்தால் சில நாட்களில் பழகிக்கொள்வான். ஒரு டைப்ரைட்டரில் கற்றவர் இன்னொரு கம்பெனி மெஷினில் அடித்ததில்லையா? டாலி போன்ற கணக்கு மென்பொருளைத் தனியாகக் கற்கத்தான் வேண்டும், அதை மறைப்பதற்கில்லை. இன்னொன்று: கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருதான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. வேலை இல்லாத படிப்பு என்று யார் சொன்னது?

வீட்டுச் செலவையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐப் போட வழியில்லை. கடன் வாங்கி செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்டியைத் தூக்கி எறிவதா? லினக்ஸ் போட்டால் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். திருட்டுப் பிரதி போட்டு வைரஸ் வாங்குவதும் தவிரும். பழுது பார்க்கும் கடைக்காரர்களில் பலருக்கு லினக்ஸ் தெரியாது என்பது ஒரு தொல்லை. பத்தாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்திருக்கும், அவனைக் கேட்கலாம்.

சொந்த ஊரில் நடந்ததும் ஒரு பாடம். தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக் மையம். சொல்லித் தர ஆள் இல்லாததால் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காத பிள்ளைகள் ஏராளம். பெட்டியைக் கொடுத்தவர்கள் வாத்தியாரைக் கொடுக்க மறந்தார்கள். கேரளம் முதலில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தது. வித்தியாசம் அங்கேதான்.

ஆனால் கேரள அதிகாரிகளிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மூணாறு, பீர்மேடு, பாலக்காடு பகுதிகளில் தமிழ்வழி மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களுடைய பாடப் புத்தகம் தமிழில் வருகிறது. கம்ப்யூட்டர் திரையும் தமிழில் வர வேண்டாமா? லிப்ரே ஆபீசுக்கும், குழந்தைகள் படம் வரையும் டக்ஸ் பெயின்டுக்கும் தமிழ் முகப்பு ஏற்கெனவே இருக்கிறது. குறைபட்ட இடத்தை மொழிபெயர்த்து நிரப்ப எந்தக் கம்பெனியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்ப்பதும் பெரிய வேலை அல்ல. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், பள்ளியின் கம்ப்யூட்டரைத் தமிழில் திறந்து காட்டச் சொல்லிப் பெற்றோர் கேட்கட்டும். காட்ட முடியவில்லை என்றால் அன்றைக்கே மனு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கலாம்.